சுழியைப் பார்ப்பதா? காலைப் பார்ப்பதா?

குதிரை வாங்கப் போகின்றவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால், "குதிரை காலால்தானே நடக்கிறது? காலைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிடும். ஆனால் நமது அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் தலை நரைத்த பெரியவர்களும், பட்டம் பெற்ற வாலிபர்களும் குதிரைக்கு முன்னால் போய் நின்றால் மயிரைத்தான் பார்க்கின்றார்கள். நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் என்ன சுழி, கண்ணுக்குக் கீழே ஏதாவது சுழி உண்டா என்று விரலால் தடவித் தடவி எண்ணுகின்றார்கள். எண்ணி முடித்ததும் "சுழி சுத்தம்" என்று தரகர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்; உடனே மடியை அவிழ்த்துவிடுகின்றார்கள். அந்தக் குதிரைக்கு நான்கு கால் இருக்கின்றதா அல்லது மூன்றரைக் கால்தான் இருக்கின்றதா என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

ஜட்கா வண்டிகளே மறைந்துபோன இந்தக் காலத்தில் குதிரையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஜட்கா மறைந்ததே ஒழிய குதிரை மறைந்துவிடவில்லை. தென் ஜில்லாக்களில் திருவிழாக்களை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கின்றது. கலியாண ஊர்வலத்திற்குக் குதிரை வருகின்றது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த வாலிபர்கள் சவாரிக்கென்றே குதிரை வாங்குகின்றார்கள். ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோவில் திருவிழாவை ஒட்டிக் கூடுகின்ற சந்தைக்குத் தூர ஜில்லாக்களிலிருந்தெல்லாம் குதிரைப் பிரியர்கள் போகின்றார்கள். அங்கே ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து வெள்ளாமைப் பணம் ஒரு கயிற்றுக்குக் கைமாறிப் போகின்றது. ஆகவே இது விளையாட்டுச் சங்கதி அல்ல. பணத்தைப் பற்றிய சங்கதி, ஏறுகின்றவனுடைய உயிரைப் பற்றிய சங்கதி, வாய் பேசாத ஒரு ஜீவன் படும் பாட்டைப் பற்றிய சங்கதி.

சுழி சாஸ்திரம் என்ன சொல்லுகின்றது? கழுத்தில் ஒரு மாதிரியாய் மயிர் சுழித்திருந்தால் அது தேவமணியாம்; வாங்கினவனுக்குப் பட்டம் பதவி எல்லாம் வருமாம். அதே மயிர் கண்ணுக்குக் கீழே சுழித்திருந்தால் அது கண்ணீர்ச் சுழியாம். வாங்கினவன் வீட்டில் ஒப்பாரி கேட்குமாம். மாட்டுக்கு எழுதி வைத்திருப்பதோ இதைவிட மோசம். "பெண்டிழந்தான் சுழி" என்று ஒரு சுழிக்குப் பெயரே வைத்திருக்கின்றார்கள். அந்தச் சுழியுள்ள மாட்டை வாங்கினால் வாங்கினவன் பெண்சாதி செத்துப் போவாளாம். தோழர்களே! பிரசவத்துக்கு டாக்டர் இல்லாமலும், ஒட்டிய வயிற்றோடு களையெடுத்தும் எத்தனை பெண்கள் இந்தக் கரிசல் காட்டில் செத்திருக்கின்றார்கள்? அதற்கெல்லாம் ஒரு மாட்டின் முதுகில் நாலு மயிர் திரும்பியிருந்ததுதான் காரணம் என்று சொல்லி மூடிவிட்டால் டாக்டரும் வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியும் வேண்டியதில்லை, புருஷனுக்குப் பொறுப்பும் வேண்டியதில்லை அல்லவா?

இந்த விஷயம் ஏட்டுப் படிப்பாய் நமக்குத் தெரிந்தது அல்ல. நம் வீட்டிலேயே பட்டுத் தெரிந்தது. சுமார் அறுபது வருஷங்களுக்கு முன் நம் தகப்பனார் பருத்தித் தரகு பார்ப்பதற்காகக் கிராமம் கிராமமாய்ச் சுற்றிக் கொண்டிருந்தார். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆகையால் ஒரு சவாரிக் குதிரை வாங்கினார். ஒரு சந்தையில் இரண்டு குதிரைகள் அவருக்கு முன் நின்றன. ஒன்று தேவமணி உள்ள ஆண் குதிரை. மினுமினு என்று இருந்தது. மற்றொன்று பெட்டைக் குதிரை; மூஞ்சி நீளம், நிறம் மட்டம், கண்ணுக்குக் கீழே சுழி. தரகர் பெட்டைக் குதிரையைப் பார்க்கவே விடவில்லை. அப்பா தேவமணியை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் இரண்டு முழங்கால்களிலும் மயிர் உதிர்ந்த பழைய தழும்பு இருந்தது. கேட்டதற்குக் கொட்டிலில் முட்டிக்கொண்டது என்று பதில் வந்தது. நிற்கும்போது முன்னங்கால்கள் முழங்காலில் முன்னுக்கு மடிந்தாற்போல் நடுங்கின. அது புது இடத்துப் பயம் என்றார்கள். கோடையில் கரிசல் வெடித்துக் கிடந்த ஒரு நாள் அந்தக் குதிரை இடறி முழங்கால் குத்தி விழுந்தது. அப்பாவின் இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை கம்பில்லாமல் நடக்கவில்லை. பருத்தித் தரகும் போயிற்று. அந்தப் பெட்டைக் குதிரையைப் பாதி விலைக்கு வாங்கிப்போன வண்டிக்காரர் ஒருவர் பத்து வருஷம் அதை வைத்துப் பிழைத்தார். அவர் வீட்டில் ஒப்பாரி கேட்கவில்லை, அடுப்புத்தான் எரிந்தது.

இதில் நம்மை இன்றைக்கும் வருத்துவது அந்த விபத்துக்கூட அல்ல. சுழி சுத்தமாய் இருந்தும் ஏன் இப்படி நடந்தது என்று தரகரைக் கேட்டபோது, "குதிரை மேல் குறை இல்லை, உங்கள் ஜாதகம் அப்படி" என்று சொன்னார். எங்கள் வீட்டாரும் தலையை ஆட்டினார்கள்! குலதெய்வத்துக்கு வைத்த நேர்த்திக்கடன் பாக்கி என்று ஒரு கிடாயும் வெட்டினார்கள். இந்த சாஸ்திரத்தின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். கெட்ட சுழிக் குதிரை வாங்கிக் கெடுதி வந்தால் சுழி காரணம். நல்ல சுழிக் குதிரை வாங்கிக் கெடுதி வந்தால் ஜாதகம் காரணம். கெட்ட சுழிக் குதிரை வாங்கி நன்றாய் வாழ்ந்தால் பூர்வ ஜன்ம புண்ணியம் காரணம். எப்படி விழுந்தாலும் தோற்காத சூதாட்டக் காயை எவனாவது நேர்மையான காய் என்று சொல்லுவானா? எது நடந்தாலும் பொய்யாகாத ஒன்று ஒருக்காலும் அறிவாகாது.

நிற்க, இதனால் லாபம் யாருக்கு? சந்தையில் விலை பேசுவதே துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான். வாங்குகின்றவனுக்கும் விற்கின்றவனுக்கும் நடுவில் தரகர் கை இருக்கின்றது. காலில் உள்ள குறையைக் கண்ணுள்ள எவனும் பார்த்துவிடலாம்; நாலு நாள் கவனித்தால் பழகிவிடும். சுழியின் பலனையோ தரகர் சொன்னால்தான் உண்டு. அவர் நினைத்தால் ஏழைக் குடியானவனின் நல்ல குதிரையைச் "சுழி கெட்டது" என்று பாதி விலைக்குத் தட்டிப் பறிக்கலாம்; நொண்டிக் குதிரையை "ராஜ சுழி" என்று இரட்டை விலைக்குத் தள்ளிவிடலாம். கோவிலில் சாமிக்கும் பக்தனுக்கும் நடுவே ஒருவர் நிற்பது போலவே இங்கே குதிரைக்கும் வாங்குகின்றவனுக்கும் நடுவே ஒருவர் நிற்கின்றார். இரண்டு இடத்திலும் நடுவில் நிற்கின்றவர் பட்டினி கிடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். நான்கு கால்களும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை இருந்தால் நம் நாட்டில் அது பஞ்சகல்யாணி; மகா அதிர்ஷ்டம். இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறத்து நம்பிக்கையோ ஒரு கால் வெள்ளையானால் வாங்கு, நான்கும் வெள்ளையானால் தொடாதே என்பது. அதே குதிரை கப்பலேறி இறங்கினவுடன் அதன் அதிர்ஷ்டம் தலைகீழாய் மாறிவிடுமா? ஆனால் கோணல் கால் இங்கேயும் கோணல்தான், இங்கிலாந்திலும் கோணல்தான், அரபு நாட்டிலும் கோணல்தான். தேசத்துக்குத் தேசம் மாறாதது எதுவோ அதைப் பாருங்கள் என்றுதான் நாம் சொல்லுகின்றோம்.

"வெள்ளைக்காரனே சுழியை ஆராய்ந்து உண்மை என்று எழுதிவிட்டானே" என்று படித்தவர்கள் சிலர் வாதத்துக்கு வருவார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 1995-ல் அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையாரும் அவருடன் சேர்ந்தவர்களும், நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே உயர்ந்திருக்கும் மாடுகள் அடைத்துப் பிடிக்கும்போது மற்ற மாடுகளைவிடச் சற்று அதிகமாய் மிரளுகின்றன என்று கண்டு எழுதினார்கள். கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே அடுக்கிலிருந்து உண்டாவதால் அப்படி ஒரு சம்பந்தம் இருக்கலாம் என்பது அவர்கள் யோசனை. இருக்கட்டும். மாடு மிரளுமா என்பதற்குத்தான் அது ஆராய்ச்சியே தவிர, வாங்கினவன் பெண்சாதி சாவாளா என்பதற்கு அல்ல. மிரளுகின்றதா என்று தெரிய வேண்டுமானால் ஒரு மணி நேரம் குதிரையோடு பழகிப் பார்த்தால் போகின்றது. அதற்குச் சுழி எதற்கு?

"முன்னோர்கள் முட்டாள்களா?" என்று கேட்பார்கள். முன்னோர்கள் குதிரை வாங்கின யோக்கியதைக்கு நம்மிடம் இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று புராணம். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய அரசாங்கப் பணத்தை மந்திரி திருப்பெருந்துறையில் கோவில் காரியத்தில் செலவழித்துவிட்டாராம். சாமியே வியாபாரியாய் வந்து நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து, கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டாராம். கயிறு மாறினால் அதற்குப் பிறகு விற்றவன் மேல் பேச்சில்லை. இராத்திரி எல்லாம் நரியாய் மாறிப் பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிப்போயினவாம். பக்தர்கள் இதைப் பக்திக்குப் படிக்கின்றார்கள். நாம் குதிரை வாங்குகின்றவனுக்குப் புத்திமதியாய்ப் படிக்கின்றோம். வெளிப்பார்வைக்கு யாதொரு குறையும் இல்லாத குதிரையைக் கயிறு மாற்றி வாங்கிக்கொண்டால் விடிவதற்குள் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா?

இரண்டாவது சாட்சி சரித்திரம். 1290-ம் வருஷங்களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்ற வெனிஸ் தேசத்து யாத்திரிகர், தாமிரவருணி கடலோடு கலக்குமிடத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றியும், ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வந்த குதிரைகளைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். அரசனும் அவன் சகோதரர்களும் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்களாம்; வருஷ முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாதாம். காரணம் என்ன? லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்கிறார். சோற்றையும் வேகவைத்த மாமிசத்தையும் போட்டார்களாம். நல்ல குதிரைக்கும் நல்ல குதிரைக்கும் பிறந்த குட்டிகூடக் கால் கோணி ஏறுவதற்கு லாயக்கில்லாமல் போயிற்றாம். இன்றைய கால்நடை வைத்தியத்தைக் கேட்டால், அரிசியையும் தவிட்டையும் நம்பி வளர்க்கும் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாமல் எலும்பு கெட்டுப்போகும் என்று சொல்லும். கால் கோணியதற்குத் தீனி ஒரு காரணமாய் இருந்திருக்கலாம். மயிர்ச் சுழி எங்காவது காரணமாய் இருந்திருக்குமா? பொக்கிஷத்துப் பொன்னெல்லாம் கப்பலேறிப் போன பிறகும் ஒரு லாடக்காரனைப் பழக்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை.

முன்னோர்கள் சொன்னது எல்லாமே பொய் என்று நாம் சொல்லவில்லை. வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் முன்னோர் சொன்னதுதான், அது அறிவு. ஐந்து வயதில் குதிரைக்கு வாய் நிறைந்துவிடும். அதற்கப்புறம் வெட்டுப் பற்களின் தலையிலுள்ள குழிகள் தேய்ந்துகொண்டே வரும். பத்து வயது வாக்கில் மேல் ஓரப் பல்லில் ஈறு ஓரமாய் ஒரு கோடு தெரியும்; பதினைந்தில் அது பாதிப் பல் வரை இறங்கும்; இருபதில் அடிவரை வந்துவிடும். ஏறக்குறைய வயது சொல்லிவிடலாம். எவன் பார்த்தாலும் தெரிவது எதுவோ, தப்பென்றால் தப்பென்று காட்டக்கூடியது எதுவோ, அதை யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ளுவோம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? சும்மா நிற்கும்போதே குதிரை தன் பாரத்தில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கை முன்னங்கால்களில்தான் தாங்குகின்றது. ஆகவே முன்னங்காலில் ஆரம்பியுங்கள். சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, முன்னால் நின்று, கொத்தனார் தூக்குக் குண்டு விடுவதுபோல மனதில் தோளிலிருந்து ஒரு கோடு விடுங்கள். அது முழங்கால், கணு, குளம்பு எல்லாவற்றின் நடுவிலும் இறங்க வேண்டும். குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் நடக்கும்போது கால் உள்ளே வீசி மற்றக் காலில் அடிக்கும். உள்பக்கம் திரும்பியிருந்தால் கால் வெளியே வீசும். அசிங்கமே ஒழிய அவ்வளவு ஆபத்தில்லை. பிறகு பக்கவாட்டில் நின்று பாருங்கள். முழங்கால் பின்னுக்கு வளைந்திருந்தால் வேகமாய் ஓடும் குதிரைக்கு அது பெரிய குற்றம். குளம்புக்கு மேலுள்ள கணு செங்குத்தாய் நின்றால் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் எலும்புக்குப் போகும். கோடையில் கல்லாய் இறுகும் நமது பூமியில் அந்தக் குதிரை சீக்கிரம் நொண்டும். கணு மிக நீண்டு சாய்ந்திருந்தாலோ நரம்பு வலிக்கும். முதுகு பள்ளமாய் இருக்கின்றதா, பின்னங்கால் முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்றும் பாருங்கள்.

குளம்பைத் தூக்கிப் பாருங்கள். அடி தட்டையாய் இருந்தால் சரளைக் கல்லில் காயப்படும். குதிகால் ஒடுங்கியிருந்தாலும், பெரிய உடம்புக்குச் சிறிய குளம்பாய் இருந்தாலும் பாரம் தாங்காது. குளம்பைச் சுற்றி ஒழுங்கில்லாத வளையங்கள் குதிகால் பக்கம் அகன்றிருந்தால் முன்பு குளம்பு வியாதி வந்து போயிருக்கின்றது என்று அர்த்தம். வறட்சியில் குளம்பு வெடிப்பது நம் பக்கத்தில் சகஜம். அது லாடக்காரரால் பெரும்பாலும் தீரக்கூடியது. கடைசியாய், கயிற்றைத் தளர விட்டு மெல்லோட்டத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் நோவுள்ள குதிரை அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். தரகர் வாய் பொய் சொல்லும். குதிரையின் தலை பொய் சொல்லாது. ஆனால் விடியற்காலையில் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்த சூட்டிலேயே பார்க்க வேண்டும். முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுவந்தால் சில நொண்டிகள் மறைந்துவிடும். வலி தெரியாமல் ஊசி போட்டுக் கொண்டுவருவதும் உண்டு.

குற்றமே இல்லாத குதிரை உலகத்தில் இல்லை. ஆகவே குற்றத்தை எண்ணுவது பெரிதல்ல, நிறுப்பதுதான் பெரிது. குற்றம் மூன்று வகை. தீனியாலும் லாடத்தாலும் தீருவது ஒன்று: மெலிவு, வளர்ந்துபோன குளம்பு, தவறாய் அடித்த லாடம். இதற்கு விலையைக் குறைத்து வாங்கலாம். பார்வைக்கு அழகில்லாமல், வேலைக்கு இடைஞ்சலும் இல்லாதது இரண்டாவது: நீள மூஞ்சி, மட்டமான நிறம், கொஞ்சம் உள்ளே திரும்பிய குளம்பு. இதனால் பயப்பட வேண்டாம். நல்ல பேரமே இங்கேதான் இருக்கின்றது. எலும்பின் கட்டிலேயே இருந்து பாரம் ஏற ஏற மோசமாவது மூன்றாவது: பின் வளைந்த முழங்கால், செங்குத்துக் கணு, ஒடுங்கிய குளம்பு, விழுந்து விழுந்து தழும்பேறி நடுங்கும் முழங்கால். இதை இனாமாய்க் கொடுத்தாலும் கொட்டிலில் கட்டக்கூடாது. இன்னொன்றும் உண்டு. மூன்று வயதுக் குட்டியின் சிறு கோணல் நாளைக்கு என்ன செய்யும் என்பது தெரியாது. பன்னிரண்டு வயது வரை உழைத்தும் நொண்டாத குதிரையின் சிறு கோணலோ பரீட்சையில் தேறின கோணல். அதை நம்பலாம்.

உங்கள் உடம்பையும் நிறுத்துப் பாருங்கள். ஏறுகின்றவனும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுக் கணக்கு. 250 கிலோ உள்ள மட்டக் குதிரைக்கு 50 கிலோதான் சரி. 80 கிலோ ஆசாமி அதன் மேல் ஏறிக்கொண்டு "குதிரை ராசியில்லை" என்று சொன்னால், ராசியில்லாதது யார்? கயிறு மாறுவதற்கு முன் கால்நடை வைத்தியரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய வியாதி குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. ஹிசாரில் குதிரைகளுக்கென்றே மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் இராமையன்பட்டியில் கால்நடை வைத்தியக் கல்லூரியே இருக்கின்றது. நமது வரிப்பணத்தில் இவ்வளவையும் வைத்துக்கொண்டு மயிரைத் தடவிக்கொண்டிருப்பது என்ன புத்தி? கார் வாங்குகின்ற பக்தன்கூட எலுமிச்சம்பழத்தை நசுக்கினாலும் பிரேக்கைச் சோதிக்காமல் விடுவதில்லை!

திருச்சுழித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்குப் பெயரே சுழியால் வந்தது. ஊரை அழிக்க வந்த வெள்ளத்தைச் சுழித்துப் பூமிக்குள் அனுப்பிவிட்டதாகத் தலபுராணம் சொல்லுகின்றது. அவ்வளவு வெள்ளம் உங்கள் பூமிக்குள்ளே போயிருந்தால் உங்கள் கிணறுகள் கோடையில் ஏன் வறண்டு கிடக்கின்றன என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் குதிரைச் சுழியையும் கேட்டிருப்பீர்கள்.

இந்தச் சுழி குதிரையோடும் மாட்டோடும் நிற்பதாயிருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். கொட்டிலில் பழகின புத்திதான் வீட்டுக்குள்ளும் வருகின்றது. மூல நட்சத்திரம் என்றும், செவ்வாய் தோஷம் என்றும் சொல்லி, அறிவும் உழைப்பும் உள்ள பெண்களைக் கண்ணீர்ச் சுழிக் குதிரையைப்போல ஒதுக்கி நிறுத்துகின்றார்கள். இன்ன ஜாதியில் பிறந்தவன் என்ற ஒரே சுழியைப் பார்த்து மனிதனை மட்டம் என்றும் உசத்தி என்றும் தரம் பிரிக்கின்றார்கள். அவன் எப்படி நடக்கின்றான் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஊர் எல்லையில் அய்யனார் கோவிலில் மண் குதிரை நிற்கின்றது. சுழி சுத்தம், நிறம் சுத்தம், நான்கு காலும் தூண் மாதிரி நேர். அதை நம்பி ஆற்றில் இறங்கக்கூடாது என்று பழமொழி சொன்னவன் நம் முன்னோன்தான். அந்த ஒரு முன்னோன் சொன்னதைக் கேளுங்கள். அடுத்த சந்தையில் விரலைச் சுழியிலிருந்து எடுத்துக் குளம்பில் வையுங்கள்.